செய்திக்குள் இருப்பவரும் செய்தி சொல்பவரும்: பாலஸ்தீனர் பற்றிய செய்தியாக்கத்தின் வரலாறு, 1908–2025

பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் பால்ஃபர் 1917 நவம்பர் 2 அன்று கையெழுத்திட்ட கடிதத்தை, ஒரு வாரம் கழித்து, 9ஆம் தேதி லண்டன் டைம்ஸ் வெளியிட்டது. பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய பிரிட்டன் துணை நிற்கும் என்பது கடிதத்தின் சாரம். அன்று அந்த மண்ணில் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் அரபு பேசிய முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும். கடிதம் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. யூதர் அல்லாத சமூகங்கள் என்று மட்டும் குறித்தது. அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவும் இல்லை.

பாலஸ்தீனர் பற்றிய செய்திகளில் ஒருதலைச் சார்பு உண்டா என்ற விவாதம் இன்று பெரும்பாலும் எந்தச் சொல்லைப் போட்டார்கள், எதைத் தவிர்த்தார்கள் என்பதிலேயே சுழல்கிறது. அந்த விவாதம் தேவைதான். ஆனால் ஒரு நூற்றாண்டுப் பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, அதற்கும் முந்திய கேள்வி ஒன்று எழுகிறது. சம்பவம் நடந்த இடத்துக்குப் போக யாருக்கு வழி இருந்தது? அங்கிருந்து பேசியவரின் சாட்சியத்துக்குச் செய்தி அறையில் என்ன மதிப்புக் கிடைத்தது? பாலஸ்தீனர் செய்திக்குள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். செய்தி சொல்பவர்களாக ஏற்கப்பட்டது அரிது. அவர்களுக்கு எதிராக நேர்ந்த பிழைகளும் சரி, இஸ்ரேலுக்கு எதிராக நேர்ந்த பிழைகளும் சரி, ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

யாஃபாவின் அச்சுக்கூடம்

பாலஸ்தீனருக்குச் சொந்தக் குரல் இல்லாததால்தான் பிறர் அவர்களுக்காகப் பேசினார்கள் என்று எண்ண இடமில்லை. 1908இல் ஹைஃபாவில் நஜீப் நஸ்ஸார் 'அல் கர்மில்' இதழைத் தொடங்கினார். 1911இல் யாஃபா துறைமுக நகரில் ஈஸா அல் ஈஸாவும் யூசுப் அல் ஈஸாவும் 'ஃபலஸ்தீன்' இதழைக் கொண்டுவந்தார்கள். இருவரும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். நாட்டின் பெயரையே இதழின் பெயராக வைத்து, அதன் வாசகர்களை ஒரு மக்களாக விளித்து எழுதினார்கள். அப்போது ஆண்ட உஸ்மானிய அரசு இதழை முடக்கியது. முதல் உலகப் போரின்போது ஈஸா நாடுகடத்தப்பட்டார். 1921இல் இதழ் மீண்டும் வந்தது. நில விற்பனை, குடியேற்றம், பிரிட்டிஷ் நிர்வாகம் என அன்றாடம் நடந்ததை எல்லாம் பதிவு செய்தது.

அந்தப் பதிவு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எட்டவில்லை. 1932 டிசம்பரில் கெர்ஷோன் அக்ரோன் ஜெருசலேமில் 'பாலஸ்தீன் போஸ்ட்' என்ற ஆங்கில நாளிதழைத் தொடங்கினார். இன்றைய 'ஜெருசலேம் போஸ்ட்' அதுதான். யூத தேசிய இயக்கமான சியோனிசத்தோடு நெருக்கம் கொண்ட அந்த இதழ்தான், அரபு படிக்கத் தெரியாத வெளிநாட்டுச் செய்தியாளருக்கும் பிரிட்டிஷ் அதிகாரிக்கும் காலையில் கைக்கு வந்தது. 1936இல் அரபு மக்கள் ஆறு மாதம் பொது வேலைநிறுத்தம் செய்தபோது அதன் காரணங்கள் யாஃபாவின் இதழ்களில் பத்தி பத்தியாகக் கிடந்தன. அவற்றைப் படிக்கக்கூடியவர் வெளிநாட்டுச் செய்திப் பிரிவுகளில் மிகச் சிலர்.

254 என்ற எண்

1948 ஏப்ரல் 9 அன்று ஜெருசலேமுக்கு மேற்கே உள்ள தெய்ர் யாசீன் கிராமத்தை இர்குன், லெஹி என்ற இரு யூத ஆயுதக் குழுக்கள் தாக்கின. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் உட்பட ஊர்மக்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் உலகப் பத்திரிகைகளில் 254 பேர் என்ற எண் நிலைத்துவிட்டது. அதைச் சொன்னது ஊர்க்காரர்கள் அல்ல, தாக்கியவர்களின் தளபதி. அரபு மக்களிடம் அச்சம் பரவட்டும் என்று அவர் எண்ணைப் பெருக்கினார். அரபுத் தலைவர்களும் உலகின் கோபத்தையும் அண்டை நாட்டுப் படைகளின் உதவியையும் வேண்டி அதே எண்ணை ஒலிபரப்பினார்கள். விளைவு நேர்மாறாக முடிந்தது: அக்கம்பக்கத்துக் கிராமங்கள் பயந்து காலியாயின.

ஊரிலிருந்து தப்பியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து, இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தது ரமல்லாவை அடுத்த பீர்ஸெய்த் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள். அது நடந்தது 1987இல். அவர்கள் கண்ட எண் ஏறத்தாழ 107. எண் குறைந்ததால் அது படுகொலை இல்லை என்று ஆகிவிடாது. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. தாக்கியவர் சொன்ன எண் ஒரே வாரத்தில் உலகம் சுற்றியது. உயிர்பிழைத்தவர்களிடம் பெயர் பெயராகக் கேட்டுப் பட்டியலிட 39 ஆண்டுகள் ஆயின. கேட்டவர்களும் செய்தியாளர்கள் அல்லர், சொந்த நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

அந்த ஆண்டில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் வீடிழந்தார்கள். 1949 டிசம்பரில் ஐ.நா. அவர்களுக்கென உன்ரா நிவாரண அமைப்பை உருவாக்கியது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மேற்கத்தியச் செய்திகளில் அவர்கள் 'அரபு அகதிகள்'. கூடாரம், ரேஷன், நெரிசல் என்று மனிதநேயச் செய்திகள் வந்தன. அரசியல் கோரிக்கை உடைய மக்களாக அவர்களைக் காட்டியவை குறைவு. 1967 நவம்பரில் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானமும் அகதிப் பிரச்சினை என்று சொன்னதே தவிர, அது எந்த மக்களின் பிரச்சினை என்று சொல்லவில்லை. 1969 ஜூனில் லண்டன் சண்டே டைம்ஸுக்கு அளித்த பேட்டியில் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயர் பாலஸ்தீனர் என்று ஒரு மக்களே இருந்ததில்லை என்று சொன்னபோது, அவர் அதுவரை அச்சில் நிலவிய வழக்கத்தை வெளிப்படையாகச் சொன்னார்.

துப்பாக்கியோடு வந்த பெயர்

பெயர் திரும்பி வந்தது விமானக் கடத்தல்களோடு. 1970 செப்டம்பரில் ஜோர்டான் பாலைவனத்தில் கடத்தப்பட்ட விமானங்கள் வெடித்துச் சிதறிய காட்சியும், 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டதும் தொலைக்காட்சி வழியே வீடுகளுக்குள் வந்தன. இவை கொடுங்குற்றங்கள். இவற்றைச் செய்தியாக்கியதில் ஊடகத்தின்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முகாம்களில் இருபது ஆண்டுகளாக அமைதியாக வாழ்ந்த லட்சக்கணக்கானோர் யாரென்று தெரியாத பார்வையாளருக்கு, பாலஸ்தீனர் என்றாலே முகமூடி அணிந்த ஒருவர் என்ற பிம்பம் முதல் அறிமுகமாக அமைந்துவிட்டது.

1970இல் பெய்ரூட்டில் எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியை ஆஸ்திரேலியச் செய்தியாளர் ரிச்சர்ட் கார்ல்டன் பேட்டி கண்ட ஒளிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. கனஃபானி அப்போது 'அல் ஹதஃப்' வார இதழின் ஆசிரியர். விமானங்களைக் கடத்திய பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியின் பேச்சாளரும் அவரே. கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு முன், கேள்வி அமைந்த விதத்தையே அவர் ஒவ்வொன்றாக மறுக்கிறார். அவரது அமைப்பின் செயல்களை ஏற்காதவரும் அந்தப் பதிவில் ஒன்றைக் காணலாம்: தன் மக்களின் கதையைத் தன் சொற்களில் தொடங்க ஒருவருக்கு அனுமதியில்லாதபோது, பேட்டி முழுவதும் தொடக்கத்துக்கான சண்டையாகவே கழிகிறது. 1972 ஜூலை 8 அன்று காரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து அவரும் அவரது அக்காள் மகளும் இறந்தார்கள்.

பாலஸ்தீன அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயீத் இதைக் கோட்பாடாக எழுதினார். 1981இல் வந்த அவரது 'கவரிங் இஸ்லாம்' நூலும், 1984இல் 'லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில் வந்த நீண்ட கட்டுரையும், உண்மைகள் கிடைத்தால் மட்டும் போதாது, அவற்றைக் கோத்துக் கதையாகச் சொல்லும் உரிமையும் வேண்டும் என்று வாதிட்டன. பின்னாளில் வரலாற்றாசிரியர் மஹா நஸ்ஸார் இதை எண்ணிப் பார்த்தார். 1970 முதல் 2019 வரை நியூயார்க் டைம்ஸின் கருத்துப் பக்கத்தில் பாலஸ்தீனரைப் பற்றி வந்த கிட்டத்தட்ட 2,500 கட்டுரைகளில் பாலஸ்தீனர் எழுதியவை 2 விழுக்காட்டுக்கும் கீழே. வாஷிங்டன் போஸ்ட்டில் 1 விழுக்காடு. சயீத் அதே நியூயார்க் நகரில் பேராசிரியராக இருந்த காலமும் இந்த ஐம்பது ஆண்டுகளில் அடங்கும்.

மேல்மாடியில் செய்தியாளர்

1982 செப்டம்பரில் பெய்ரூட்டின் சப்ரா, ஷத்தீலா பகுதிகளில் இஸ்ரேலியப் படை சுற்றிவளைத்து நிற்க, லெபனானின் கிறிஸ்தவ ஃபலாஞ்சியப் படையினர் அங்கிருந்த பாலஸ்தீன அகதிகளையும் பிறரையும் மூன்று நாள் கொலை செய்தார்கள். அது முடிந்த கையோடு செய்தியாளர்கள் சந்துகளுக்குள் நடந்தே போக முடிந்தது. ராபர்ட் ஃபிஸ்க், லோரன் ஜென்கின்ஸ், தாமஸ் ஃபிரீட்மன் எழுதியவை மறுக்க முடியாத சாட்சியங்களாயின. பின்னிருவரும் 1983இல் புலிட்சர் பரிசு பெற்றார்கள். இஸ்ரேலிலேயே டெல் அவீவில் பெரும் ஆர்ப்பாட்டம் நடந்தது, விசாரணை ஆணையம் அமைந்தது. வழி திறந்திருந்தால் செய்தி எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1988இல் நப்லூஸ் அருகே இஸ்ரேலியச் சிப்பாய்கள் பிடிபட்ட இரு பாலஸ்தீனரைக் கல்லால் அடித்ததை சி.பி.எஸ். ஒளிப்பதிவாளர் தொலைவிலிருந்து படம்பிடித்ததும் அப்படித்தான். பாலஸ்தீன மக்கள் எழுச்சியான முதல் இன்டிஃபாதா பற்றி அமெரிக்கர்கள் கொண்டிருந்த பார்வையை அந்தச் சில நிமிடக் காட்சி அசைத்தது.

ஆனால் அன்றாடச் செய்தி அன்றாட வாழ்விடத்திலிருந்து பிறக்கிறது. மேற்கு ஜெருசலேமின் கதமோன் பகுதியில் ஹசன் கார்மி என்ற அரபு மொழி அறிஞரின் வீடு இருந்தது. 1948 ஏப்ரலில் குடும்பம் அதைவிட்டு வெளியேறியது, திரும்ப முடியவில்லை. ஹசன் கார்மி லண்டன் சென்று பிபிசி அரபு சேவையில் சேர்ந்தார். அரபுக் கவிதை பற்றிய அவரது வானொலி நிகழ்ச்சியை மூன்று தலைமுறை கேட்டது. அவர் விட்டுவந்த வீட்டின்மேல் பின்னாளில் ஒரு மாடி எழுந்தது. 1984இல் அந்த மாடி நியூயார்க் டைம்ஸ் வசம் வந்தது. ஜெருசலேம் செய்திப் பிரிவின் தலைவர்கள் அங்கே குடியிருந்தார்கள். 2005இல் அப்பொறுப்பில் இருந்த ஸ்டீவன் எர்லாங்கர், ஹசனின் மகள் காதா கார்மி எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படித்துவிட்டு, அவரை அழைத்து வீட்டைக் காட்டினார். எர்லாங்கரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. அங்கே குடியிருந்ததாலேயே ஒருவர் ஒருதலையாக எழுதிவிடுவார் என்றும் இல்லை. எனினும் யாருடைய தெருவில் குழந்தைகள் விளையாடின, யாருடைய அபாயச் சங்கு தூக்கத்தைக் கலைத்தது, காய்கறிக் கடையில் யாருடைய கவலை காதில் விழுந்தது என்பவை ஒரு செய்தியாளரின் உள்ளுணர்வை உருவாக்குகின்றன. காசாவிலிருந்து அப்படி எழுதிய மேற்கத்தியத் தலைமைச் செய்தியாளர் மிக அரிது.

17 வரிகள்

2000 செப்டம்பரில் இரண்டாம் இன்டிஃபாதா தொடங்கியபோது, கிளாஸ்கோ பல்கலைக்கழக ஊடகக் குழுவைச் சேர்ந்த கிரெக் ஃபைலோவும் மைக் பெரியும் பிபிசி, ஐடிவி செய்திகளை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் சில வாரங்களின் 3,500க்கும் மேற்பட்ட வரிகளில், இந்த மோதல் எப்படி வந்தது என்று விளக்கியவை 17 வரிகள். 2001இல் 300 இளைஞர்களிடம் கேட்டார்கள்: ஆக்கிரமித்திருப்பது யார், குடியேறிகள் யார்? இஸ்ரேலியர் என்று சரியாகச் சொன்னவர்கள் 9 விழுக்காடு. பாலஸ்தீனர்தான் ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று நம்பியவர்கள் 11 விழுக்காடு. நாள் தவறாமல் செய்தி போய்க்கொண்டிருந்தும், அடிப்படையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் சரியாகப் புரிந்துகொண்டவர்களைவிட அதிகம். அந்தச் செய்திகளில் பொய் இருந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. முன்கதை இல்லாத தாக்குதலும் பதிலடியும் மட்டும் மாறிமாறி வந்தன.

2006இல் பிபிசி நிர்வாகமே குவென்டின் தாமஸ் தலைமையில் அமைத்த சுதந்திரக் குழு, திட்டமிட்ட சார்பு எதையும் காணவில்லை என்றது. அதோடு நிற்காமல், ஒரு தரப்பு கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது, மறுதரப்பு ஆக்கிரமிப்பின்கீழ் வாழ்கிறது என்ற சமமின்மையைச் செய்திகள் போதிய அளவு காட்டவில்லை என்றும் சொன்னது. என் பார்வையில் இத்துறையில் வந்த மிக நேர்மையான ஆவணங்களில் இதுவும் ஒன்று. இரு தரப்புக்கும் ஆளுக்கு முப்பது வினாடி கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற பழக்கத்தை உள்ளிருந்தே கேள்வி கேட்ட ஆவணம் அது.

மறுபக்கப் பிழைகளும் இதே ஆண்டுகளில் நேர்ந்தன. 2000 செப்டம்பர் இறுதியில் இரத்தம் வழியும் இளைஞரும் தடியேந்திய இஸ்ரேலியக் காவலரும் இருந்த ஏ.பி. படத்தில், காயப்பட்டவர் பாலஸ்தீனர் என்று நியூயார்க் டைம்ஸ் குறிப்பெழுதியது. அவர் பாலஸ்தீனர் கும்பலிடம் அடிபட்ட அமெரிக்க யூத மாணவர். காவலர் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இதழ் திருத்தம் வெளியிட்டது. 2002 ஏப்ரலில் ஜெனின் அகதி முகாமில் சண்டை நடந்தபோது இஸ்ரேலியப் படை செய்தியாளர்களை உள்ளே விடவில்லை. பாலஸ்தீன அதிகாரிகள் 500 பேர் இறந்ததாகச் சொன்னார்கள். பிரிட்டிஷ் இதழ்கள் சில அதைப் பெரும் படுகொலையாகவே எழுதின. பின்னர் ஐ.நா. அறிக்கை உறுதிசெய்த எண் 52 பாலஸ்தீனர், 23 இஸ்ரேலியச் சிப்பாய்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், இறந்த பாலஸ்தீனரில் குறைந்தது 22 பேர் பொதுமக்கள் என்றும், போர்க்குற்றங்களுக்கான முகாந்திரம் உண்டு என்றும் கூறியது. இந்த உண்மை வெளிவந்தபோது, பொய் அம்பலமானது என்ற கூச்சலில் அந்த 22 பேரும் காணாமற்போனார்கள்.

உள்ளூர்க்காரர் கையில் கேமரா

1996இல் கத்தாரில் தொடங்கிய அல் ஜசீரா தொலைக்காட்சி இந்த வழக்கத்தில் உடைப்பை ஏற்படுத்தியது. 2008 டிசம்பர் 27 முதல் மூன்று வாரம் காசா தாக்கப்பட்டபோது வெளிநாட்டுச் செய்தியாளர்களை இஸ்ரேல் தடுத்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த அய்மன் மொஹைல்தீனும் ஷெரீன் தத்ரோஸும் அல் ஜசீரா ஆங்கிலத்துக்காகப் பேசிய ஆங்கிலம்தான் உலகம் கேட்ட ஆங்கிலம். காசாவுக்குள் அழுத்தம் ஒருபக்கமாக மட்டும் வரவில்லை. 2014 போரில், காசாவை ஆண்ட ஹமாஸ் இயக்கம் செய்தியாளர்களை மிரட்டியதை வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் கடுமையாகக் கண்டித்தது. தன் நாட்டில் அல் ஜசீராவின் செயல்பாட்டை இஸ்ரேல் 2024 மே மாதம் மூடியது. 2025 தொடக்கத்தில் மேற்குக் கரையில் பாலஸ்தீன நிர்வாகமும் தடைசெய்தது.

2022 மே 11 காலை ஜெனினில் ஷிரீன் அபு அக்லே கொல்லப்பட்டார். கால் நூற்றாண்டாக அல் ஜசீராவில் பணியாற்றியவர்; பிரெஸ் என்று எழுதிய நீலக் கவச உடை அணிந்திருந்தார். பக்கத்தில் நின்ற செய்தியாளர் ஷதா ஹனைஷாவும், முதுகில் குண்டடிபட்ட தயாரிப்பாளர் அலி அல் சமூதியும், இஸ்ரேலியப் படையினர் சுட்டார்கள் என்று அன்றே சொன்னார்கள். பாலஸ்தீன ஆயுததாரிகள் சுட்டிருக்கலாம் என்று இஸ்ரேல் பிரதமர் நஃப்தாலி பென்னட் சொன்னார். ஆயுததாரி ஒருவர் சந்தில் சுடும் காணொளியும் வெளியிடப்பட்டது. இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெமின் ஜெனின் களப்பணியாளர் அன்றே அந்தச் சந்துக்கு நடந்துபோய், அங்கிருந்து ஷிரீன் நின்ற இடத்தைக் குண்டு எட்டவே முடியாது என்று படமெடுத்துக் காட்டினார். இருந்தும் முதல் நாள் செய்திகள் இரண்டு கூற்றுகளையும் தராசின் இரு தட்டில் வைத்தன. ஏ.பி., சி.என்.என்., வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ், ஐ.நா. மனித உரிமை அலுவலகம் என அடுத்தடுத்து நடந்த விசாரணைகளுக்குப் பிறகு, செப்டம்பர் 5 அன்று தங்கள் சிப்பாய் தவறுதலாகச் சுட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்று இஸ்ரேலியப் படை ஒப்புக்கொண்டது. கண்ணால் கண்ட இரு பாலஸ்தீனச் செய்தியாளர்கள் முதல் மணி நேரத்தில் சொன்னது மறுப்பின்றி நிலைபெற ஏறத்தாழ நான்கு மாதம் ஆனது.

2023 அக்டோபருக்குப் பின்

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். 251 பேர் பிணைக்கைதிகளாயினர். கொடுமைகளின் சான்று அங்கேயே கிடந்தது. அதற்கு மேலும், தலை வெட்டப்பட்ட 40 குழந்தைகள் என்ற சரிபார்க்கப்படாத கூற்று உலகம் சுற்றியது. அமெரிக்க அதிபர் படங்களைப் பார்த்ததாகச் சொல்ல, வெள்ளை மாளிகை அதைத் திருத்த வேண்டியிருந்தது. அக்டோபர் 17 அன்று காசாவின் அல் அஹ்லி மருத்துவமனை வெடிப்பில் பிழை மறுதிசையில் போனது. இஸ்ரேலியத் தாக்குதல், நூற்றுக்கணக்கானோர் சாவு என்று ஹமாஸ் தரப்புச் சொன்னதை நியூயார்க் டைம்ஸ் தலைப்பாக்கியது; ஆறு நாள் கழித்து ஆசிரியர் குறிப்பில் பிழையை ஒப்புக்கொண்டது. தவறிவிழுந்த ராக்கெட்டாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பின்னர் கூறியது.

தமிழ் வாசகருக்கு இது எட்டத்தில் நடக்கும் விவகாரம் அல்ல. நம் நாளிதழ்களின் உலகச் செய்திப் பக்கம் பெரிதும் ராய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எஃப்.பி. முகமைகளின் செய்திகளை பி.டி.ஐ. வழியாகவோ நேராகவோ பெற்று, இரவுப் பணியில் மொழிபெயர்த்து உருவாவது. அணிசேரா நாடுகள் 1976இல் டெல்லியில் கூடி ஒரு செய்திக் கூட்டமைப்பை நிறுவியது இப்படிப் பிற முகமைகளைச் சார்ந்திருப்பதைக் குறைக்கத்தான். அது 1990களில் தேய்ந்துபோனது. ஆகவே லண்டன் மேசையில் யாருடைய கூற்றுக்கு அடைமொழி சேர்க்கிறார்களோ, மதுரைப் பதிப்பிலும் அவருக்கே அடைமொழி சேர்கிறது.

அந்த அடைமொழியால் அதிகம் பாதிக்கப்பட்டது காசா சுகாதார அமைச்சகத்தின் எண்ணிக்கை. அதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன் 2023 அக்டோபர் 25 அன்று சொன்னார். மறுநாள் அமைச்சகம் 6,747 பேரின் பெயர், வயது, பாலினம், அடையாள எண் கொண்ட பட்டியலை வெளியிட்டது. முந்தைய போர்களில் அதன் எண்கள் ஐ.நா. கணக்கோடு பெரும்பாலும் ஒத்துப்போயிருந்தன. ஹமாஸ் நடத்தும் அமைச்சகம் என்று வாசகருக்குச் சொல்வது சரியே. அதோடு, முந்தைய எண்கள் சரியாக இருந்தன என்பதையும் சொல்வதுதான் நடுநிலை. பல மாதங்கள் பெரும்பாலும் முதல் பாதியே அச்சானது.

அந்தப் பட்டியலை நேரில் சரிபார்க்க வெளிச் செய்தியாளருக்கு வழி இருக்கவில்லை. வேலை முழுவதும் காசாக்காரர்கள் தோளில் விழுந்தது. அல் ஜசீராவின் காசா பிரிவுத் தலைவர் வாயெல் தஹ்தூஹ் 2023 அக்டோபர் 25 அன்று மனைவியையும் இரு பிள்ளைகளையும் பேரக்குழந்தையையும் இழந்து, மறுநாளே கேமரா முன் வந்தார். 2024 ஜனவரியில் செய்தியாளராக இருந்த மூத்த மகனையும் இழந்தார். செய்தியாளர் பாதுகாப்புக் குழு 1992இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து இவ்வளவு செய்தியாளர் கொல்லப்பட்ட காலம் வேறில்லை. கொல்லப்பட்டவர்களில் சிலர் ஹமாஸ் உறுப்பினர்கள் என்பது இஸ்ரேலின் வாதம். 2025 ஆகஸ்டில் கொல்லப்பட்ட அல் ஜசீரா செய்தியாளர் அனஸ் அல் ஷரீஃப் குறித்து அப்படிச் சொன்னபோது, நம்பத்தக்க சான்று தரப்படவில்லை என்று அக்குழு மறுத்தது. 2025 ஜூலையில் ஏ.எஃப்.பி., ஏ.பி., ராய்ட்டர்ஸ், பிபிசி நான்கும் கூட்டாக அறிக்கை விட்டன: காசாவில் தங்களுக்காகப் பணியாற்றும் செய்தியாளர்களால் தங்களுக்கும் குடும்பத்துக்கும் உணவு தேட முடியவில்லை. அதே ஆண்டில் காசாக் கவிஞர் மொசாப் அபு தோஹா 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக புலிட்சர் பரிசு பெற்றார்.

வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் காசாவுக்குள் சுதந்திரமாகச் செல்ல அனுமதி கோரி இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த முதல் மனு, பாதுகாப்புக் காரணம் சொல்லி 2024 ஜனவரியில் தள்ளுபடியானது. சங்கம் 2024 செப்டம்பரில் மீண்டும் மனுச் செய்தது. அரசு அவகாசம் கேட்டது, நீதிமன்றம் கொடுத்தது. இப்படியே ஓராண்டுக்கு மேல் போனது. 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்த பிறகும் அரசு மறுபடி அவகாசம் கேட்டது. அந்தக் காலம் முழுவதும் உள்ளே போன வெளிநாட்டுச் செய்தியாளர்கள் இஸ்ரேலியப் படையின் வண்டியில், படை காட்டிய இடத்துக்கு, படை குறித்த நேரத்துக்கு மட்டும் போய்வந்தார்கள்.